தல்சுவுக்கு ஒரு படையல்

பியோ குலத்தின் வம்சாவளிப் புத்தகத்தில் தல்சு என்ற பெயரைத் தடவியபடியே, "இவரு எப்படிப்பட்டவர் தம்பி?" என்று கேட்டார் சியோலிலிருந்து வந்திருந்த பெரியவர்.

"முன்னோர் சமாதி இருக்கிற குலத்து மலையையே சூதுல தோத்துட்டு ஓடின புண்ணியவான்!" என்று சிரித்தான், புத்தகத்தைப் பாதுகாத்துவரும் ஹியோன்தே. "ஐம்பது வருஷமாத் தகவல் இல்ல. செத்திருப்பாருன்னு எழுதிட்டாங்க. கல்யாணமே ஆகாத ஆளு."

"கீழே மகன்னு ஒரு பேர் இருக்கே?"

"நான்தான். வம்சம் அறுந்துடக் கூடாதுன்னு என்னைத் தத்து எழுதிட்டாங்க. செத்த தேதி தெரியாததால, அப்படிப்பட்டவங்களுக்குன்னு இருக்கிற நாள்ல, வருஷாவருஷம் ஒன்பதாம் மாசம் ஒன்பதாம் தேதி சோறும் மீனும் படைக்கிறேன்."

"முகம் தெரியாத ஆளுக்கா?"

"அப்பாவாச்சே! பட்டினி போட முடியுமா?"

காலமெல்லாம் தனியாகவே சாப்பிட்டுப் பழகிய பெரியவர் புத்தகத்தை மெல்ல மூடிவைத்துவிட்டு எழுந்தார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னார்:

"அடுத்த வருஷம் மீன் வேணாம்டா. எனக்கு அது சேராது."