காது கேட்டுச் சொல்லட்டும்

கடைக்காரர் மேசைமேல் காற்றை அழுத்தித் தரும் இரண்டு கம்ப்ரசர்களை வைக்கிறார். சின்னச் சின்ன பொம்மை விமானங்களை ஒட்டிச் சேர்க்கும் தபால்காரர், அவற்றுக்குப் பெயிண்ட் தெளிக்க முதன்முதலாக ஒன்று வாங்க வந்திருக்கிறார். அவர் தோளில் நான்கு மாதக் குழந்தை தூங்குகிறாள். ஒற்றை அறை வீடு. மெஷின் அவளை எழுப்பினால் விமானங்களெல்லாம் பரண்மேல் ஏற வேண்டும் என்பது பக்கத்தில் நிற்கும் மனைவியின் கண்டிப்பு. "டயருக்குக் காத்தடிக்கிற இது விலை கம்மிதான், ஆனா லாரி மாதிரி கத்தும். இந்தச் சின்னதுல டேங்க் இருக்கு, காத்து சீரா வரும், பெயிண்ட் திட்டுத்திட்டா விழாது" என்கிறார் கடைக்காரர். "இதோட விலையும் கட்டுப்படியாகும். சத்தம்தான்..." என்று இழுக்கிறார் தபால்காரர். "போட்டே காட்டுறேன்." ஒரு கை சுவிட்சுக்குப் போகும்போதே, கடைக்காரரின் மறுகை தன்னையறியாமல் குழந்தையின் காதைப் பொத்துகிறது. மனைவி சிரித்துவிடுகிறாள். "கையை எடுங்கண்ணே. வாங்கலாமா வேணாமான்னு அவதான் சொல்லணும்." அவர் அசடு வழியக் கையை எடுக்கிறார். மெஷின் மெல்ல முனகுகிறது. காற்றழுத்தம் காட்டும் வட்டக் கண்ணாடிக்குள் முள் ஏறுகிறது, மேசைமேல் ரசீதுத் தாள் நடுங்குகிறது. தபால்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு கடவுளை வேண்டுகிறார். குழந்தை புருவத்தைச் சுருக்குகிறாள், வெறும் வாயைச் சப்புகிறாள், பிறகு தூக்கம் கலையாமலே அப்பாவின் காலருக்குள் முகத்தை இன்னும் அழுத்திப் புதைத்துக்கொள்கிறாள்.