வார் இல்லாத பை

“இதுல என்னத்தைம்மா வைக்கிறது? கால் கிலோ தக்காளி போட்டா வாய் மூடாது!”

அப்பா அந்தக் கிளட்ச் பையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கறுப்பு வெல்வெட், ஓரத்தில் பித்தளைக் கொக்கி. பைக்கு ஒரு காது கூட இல்லை. ஊரை ஏமாற்றும் சாமான் என்பது அவர் தீர்ப்பு.

“தோள்ல மாட்டிக்கச் செயின் இருக்குங்க ஐயா. சும்மாவே தர்றோம்” என்றாள் கடைப்பெண்.

“செயின் வேண்டாங்க. கழட்டிடுங்க” என்றாள் மகள்.

“சும்மா குடுக்கறதை வேண்டாங்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்! விடிய விடியக் கையிலயே பிடிச்சுக்கிட்டு நிப்பியா?”

“நிப்பேன்ப்பா.”

அவள் ஆளுயரக் கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்று, ஒவ்வொரு பையாகப் பிடித்துப் பார்த்தாள். தடியானதைத் தள்ளினாள். வழுக்கியதைத் தள்ளினாள். இதை மட்டும் விடவில்லை.

அப்பா பணத்தை எடுத்து நீட்டினார். ஒரு வருஷமாக வாசற்படி தாண்டாதவள், வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றைத்தான். ‘அக்கா பக்கத்துல நிக்கலன்னா நான் மேடையே ஏற மாட்டேன்’ என்று தம்பிக்காரன் வேறு தன் கல்யாண வரவேற்பையே பணயம் வைத்திருந்தான்.

வரவேற்பன்று மண்டபம் நிறையப் பெரிய இடத்து ஆட்கள். மகள் மேடைப் படியில் கால் வைத்ததும் அப்பா படியோரம் வந்து நின்றுகொண்டார். எவளாவது ஏதாவது கேட்டுத் தொலைத்தால் இவள் வந்த வழியே திரும்பிவிடுவாள்.

கேட்டேவிட்டாள், மணப்பெண்ணின் அக்கா.

“அய்யோ, அந்தப் பையை எவ்வளவு ஸ்டைலாப் பிடிச்சிருக்கீங்க! என் கையில இருந்தா சோப்பு டப்பா மாதிரி இருக்கு. விரலை எப்படி வச்சிருக்கீங்க? கொஞ்சம் காட்டுங்களேன்!”

மகள் தயங்கினாள். அப்புறம் இடது கையை மெல்ல உயர்த்திக் காட்டினாள்.

நாலைந்து பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அத்தனை பேரும் தங்கள் பைகளை அவளைப் போலவே, நாலு விரலை உள்ளே மடக்கி, கட்டைவிரலை மட்டும் மேலே நிறுத்திப் பிடித்து, போட்டோவுக்கு நின்றார்கள்.

“எனக்கு வரவே மாட்டேங்குது! இதுக்கு எத்தனை நாள் பழகினீங்க?”

“ஒரு வருஷம்” என்று சிரித்தாள் மகள்.

கீழே அப்பா வாய் பிளந்து நின்றார். அச்சு மெஷினில் மகளின் கை மாட்டிய நாளிலிருந்து அந்த நாலு விரலையும் எந்த டாக்டராலும் நிமிர்த்த முடிந்ததில்லை.