கயிறு கட்டிய குண்டு

நாகலூர் எஸ்டேட் குளத்தின் மேல் மூடுபனி இன்னும் விலகவில்லை. கரையில் பெரிய குடைக்குக் கீழே உட்கார்ந்து, பட்டணத்து இன்ஜினியர் பிரணவ் பெண் பார்க்க வந்தவனைப் போலக் கணினித் திரையைப் பார்த்து இளிக்கிறான். கடலடியில் வெடிக்காமல் கிடக்கும் குண்டுகளைக் கண்டுபிடிக்க, கணினிக்கு இங்கே பாடம் நடக்கிறது. ஒரு மாதமாகப் போலிக் குண்டுகளைக் கயிறு கட்டிக் குளத்தில் இறக்குவதும் இழுத்து ஏற்றுவதும் எஸ்டேட் கூலியாள் மாதம்மாள்தான். இன்று ஒன்றின் கயிறு அறுந்து அவள் கையோடு வந்துவிட்டது. கேமரா பொருத்திய குட்டிப் படகு அந்தக் குண்டின் மேலேயே மிதந்து போகிறது. திரை ‘கல்’ என்கிறது. போன வாரம் அவள் கயிற்றோடு தவறவிட்ட ஓட்டை வாளியின் மேல் வந்ததும், ‘குண்டு’ என்று சிவப்பாய்க் கண் சிமிட்டுகிறது. பிரணவ் கைதட்டுகிறான்.

“ஏனுங்க, அது வாளிங்க. உங்க மெசினு கயித்தத்தான் படிச்சிருக்குது.”

“உங்களுக்குப் புரியாதும்மா. அடுத்த வாரம் இதை நம்பித்தான் கடல்ல ஆளுங்க இறங்கப் போறாங்க.”

மாதம்மாள் வெற்றிலைச் சாற்றை அவன் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளித் துப்புகிறாள். அறுந்த ஈரக்கயிற்றைச் சுருட்டி அவன் மடியில் வைக்கிறாள்.

“அப்ப இதக் கொண்டுபோங்க சாமி. அவுங்க எறங்கறதுக்கு முன்னால, நீங்க போயி ஒவ்வொரு குண்டுக்கும் கட்டிட்டு வந்துருங்க.”