கொழும்பில இல்லாத பிரெஞ்சா?

"பிரெஞ்சு கதைக்கிறதுக்குப் பிரான்சுக்கே போகவேணுமெண்டு யார் பிள்ள சொன்னது? கொழும்பில இல்லாத பிரெஞ்சா?"

றஞ்சிதம் கேட்டதும் யூஜினா சிரித்துவிட்டாள். நாலு வருடத்துக்கு முன்னால் அவள் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சை எடுத்தபோது, "இந்தப் பாஷை சோறு போடுமா?" என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததும் இதே அம்மாதான்.

கொட்டாஞ்சேனையில் நாலாம் மாடி வீடு. மேசையில் லேப்டொப் திறந்திருந்தது. பிரான்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழு மாதம் உதவி ஆசிரியை வேலை. அங்கிருந்தபடியே மேற்படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ இன்றைக்கு ஐந்து மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும். இப்போது நாலே கால்.

"கஸ்டமர் கோல் எடுக்கிற கொம்பனியில பிரெஞ்சு தெரிஞ்ச ஆக்களைத் தேடித் திரியிறாங்களாம்."

"அது நைட் ஷிஃப்ட் மம்மி. எட்டு மணிக்குப் பிறகு ரோட்டில நிக்கக்கூடாதெண்டு சொல்றது நீங்கதானே?"

"அப்ப டூரிஸ்ட் கைட். வெள்ளைக்காரருக்குச் சீகிரியாவைக் காட்டு."

"சீகிரியாவில பாதி ஏறவே எனக்குத் தலை சுத்தினது மறந்துபோச்சா?"

"சரி, ட்ரான்ஸ்லேஷன்! வெள்ளவத்தையில எந்த வீட்டைத் தட்டினாலும் பாரிசுக்கு அனுப்ப ஒரு பேர்த் சேர்ட்டிபிக்கட்டாவது இருக்கும். வீட்டில இருந்தே மாத்திக் குடுக்கலாம்."

வெள்ளவத்தைப் புடவைக்கடையில் பதினெட்டு வருடமாகச் சேலை விரித்துக் காட்டுகிறவளுக்கு இத்தனை விஷயமும் எங்கிருந்து வந்தது? எல்லாம் ஒரு மாதத்துச் சம்பாத்தியம். கூறைப்புடவை எடுக்க வந்த பெண்களையெல்லாம் பிடித்து வைத்து விசாரித்திருந்தாள். பிரெஞ்சு படித்த பிள்ளை கொழும்பில் என்னென்ன செய்யலாம் என்று இப்போது அவளிடம் கேட்டால் விரிவுரையே நடத்துவாள்.

"உங்களுக்கு என்ன பயம் மம்மி? குளிரா?"

"குளிர்தான். பிறகு சாப்பாடு. பிறகு..."

பிறகு வந்தது சொல்லக்கூடியதாக இல்லை. றஞ்சிதம் வேறு பக்கமாகக் கேட்டாள்.

"போனா டாடியைப் பாப்பியா?"

"பாக்காம இருப்பனா?"

றஞ்சிதத்தின் கணவன் ஒஸ்வால்ட் பாரிசுக்குப் போனபோது யூஜினாவுக்குப் பத்து வயது. முதலில் ஒவ்வொரு ஞாயிறும் கோல் வந்தது. பிறகு மாதத்துக்கு ஒன்று, பிறகு நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும். ஐந்து வருடத்துக்கு முன்னால் பாரிசில் இருந்து வந்த ஒரு பெண், கடையில் சேலை பார்த்துக்கொண்டே, அங்கே நடந்த ஞானஸ்நானப் படங்களை ஃபோனில் காட்டினாள். ஒன்றில் ஒஸ்வால்ட் நின்றான். கையில் குழந்தை. பக்கத்தில் ஒருத்தி. "இவர் ஒஸ்வால்ட் அண்ணன், இது அவர்ட வைஃப்" என்றாள் அந்தப் பெண், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே. றஞ்சிதம் அடுத்த சேலையை விரித்துக் காட்டினாள். வேறு என்ன செய்வது?

மகளுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தாள். ஒவ்வொரு நத்தாருக்கும் வெள்ளவத்தையில் தானே சென்ட்டும் சொக்லேட்டும் வாங்கி, "பாரிசில இருந்து வந்த ஆக்களிட்ட டாடி குடுத்துவிட்டவர்" என்று நீட்டினாள். யூஜினாவும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். அப்பா என்றால் இப்போதும் அந்தப் பிள்ளைக்கு உயிர் என்றுதான் றஞ்சிதம் நினைத்திருந்தாள். அங்கே போய், ஒரு கதவைத் தட்டி, வேறொருத்தி வந்து திறந்தால் அந்த ஒற்றைப் பிள்ளை எப்படித் தாங்கும்?

"டாடிட ரூம் சின்னன் பிள்ள. நாலஞ்சு ஆம்பிளையள் ஒண்டா இருக்கினம். நீ அங்க போகேலாது."

யூஜினா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. இவ்வளவு படித்த பிள்ளையின் வழியை ஒரு பொய்யைக் கொண்டு மறிக்கிறோமே என்று றஞ்சிதம் நினைத்தாள். போவதென்றால் எல்லாம் தெரிந்துகொண்டே போகட்டும். மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ள, உன்ட டாடிக்கு அங்க வேற குடும்பம் இருக்கு. கலியாணம் கட்டிப் பிள்ளையும் இருக்கு. அஞ்சு வருசமா உன்னட்ட மறைச்சிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்."

யூஜினா அழவில்லை. அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு ஃபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்னப் பெண், வாயெல்லாம் சிரிப்பு.

"இவ எலோடி. ஏழு வயசு."

றஞ்சிதம் திகைத்துப்போனாள். "உனக்கு எப்பிடி...?"

"ஏ.எல். சோதனை எழுதின வருசம், யூனிவர்சிட்டிக்குப் போக முன்னமே, ஃபேஸ்புக்கில கண்டனான். உங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சு நானும் மறைச்சனான்."

"பிறகும் ஏன் பிள்ள அந்தப் பாஷையைப் போய்ப் படிச்சாய்?"

யூஜினா லேப்டொப்பைத் தன் பக்கம் இழுத்து, 'வருகிறேன்' என்று பதிலை அனுப்பினாள்.

"இவவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் வராது மம்மி. எனக்கெண்டு இருக்கிற ஒரே தங்கச்சியோட கதைக்கத்தான் நான் பிரெஞ்சே எடுத்தனான்."