குளிர் தாங்கும் உடம்பு

"என்ன, கால்ல மீன்வலை மாட்டியிருக்க?"

சோபாவில் காலை நீட்டித் துணி மடித்துக்கொண்டிருந்தவள் குனிந்து பார்த்தாள். கணவன் கேலியாகத்தான் கேட்டான். ஆனால் இடது கெண்டைக்காலில் நிஜமாகவே வலை பின்னியது போல் பழுப்புக் கோடுகள்.

எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல. அரிப்பும் இல்ல."

"அப்ப விடு."

"உங்க கால்ல ஒரு கொப்புளம் வந்தா ஊரையே கூட்டுவீங்க. என் கால்னா விடணுமா?"

சாயங்காலமே டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பூக்கிடங்குல ஆர்டர் எடுக்கிறேன். பூ வாடக் கூடாதுன்னு எந்நேரமும் ஏசி. ஐஸ்பெட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும்."

"குளிர் தாங்குதா?"

"சேர்ந்த முதல் நாள் வெடவெடன்னு நடுங்கினேன். அப்புறம் பழகிடுச்சு. என் உடம்புவாகு அப்படி." சொல்லும்போதே அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

"கால் பக்கத்துல ஹீட்டர் மாதிரி ஏதாவது உண்டா?"

"எனக்கு எங்க, டாக்டர்? பக்கத்து சீட் அக்காதான் சொந்தமா ஒண்ணு வாங்கி மேஜைக்கு அடியில வச்சிருக்காங்க. வாயத் திறந்தா மிளகாய். ஒரு நாள்கூட 'உனக்கும் வேணுமா'ன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல."

டாக்டரம்மா சிரித்தார். "அந்தச் சூடுதான். தொடர்ந்து பட்டா தோல்ல இப்படி வலை விழும். பயப்பட ஒண்ணுமில்ல. தள்ளி வைக்கச் சொல்லுங்க, தானா மங்கிடும்."

பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"சுகம் அவங்களுக்கு, தழும்பு எனக்கா?" வீடு வரும்வரை பொரிந்து தள்ளினாள். கணவன் உம் கொட்டிக்கொண்டே வந்தான்.

மறுநாள் கிடங்குக்குள் நுழைந்ததும் நேரே அக்காவின் முன் போய் நின்றாள்.

"அக்கா, உங்க ஹீட்டரக் கொஞ்சம் தள்ளி வச்சுக்குங்க. அது பண்ணின வேலையப் பாருங்க."

காலைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, எரியுதாடி?"

"இல்ல."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டிட்டேன். தானா மங்கிடுமாம்."

"நல்லவேளை. ரொம்பக் கிட்ட வச்சுத் தொலைச்சிட்டேன் போல. எனக்கு இடுப்பு வளையாது, நீயே குனிஞ்சு தள்ளி வை."

முணுமுணுத்துக்கொண்டே மேஜைக்கு அடியில் குனிந்தாள்.

ஹீட்டர் முழுக்க அவள் நாற்காலியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதன் முதுகுப் பக்கம் அக்காவின் கால்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காலுறை, அதற்கும் மேல் ஒரு பழைய சால்வை.

"அக்கா, இது என் பக்கமா திரும்பியிருக்கே."

"பின்ன?" கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள் அக்கா. "புதுசா வர்ற பொண்ணுங்க எல்லாம் குளிருக்குப் பயந்தே ஓடிப்போகுதுங்க. நீயாவது நிலைச்சு நிக்கட்டுமேன்னு, வந்த மறுநாளே திருப்பி வச்சேன்."