கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஸ்வெட்டர்

“கொஞ்சம் வழி விடுங்க, ஒரு அம்மா உட்காரணும்!”

மடக்கு நாற்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார் அந்தத் தன்னார்வலர். வழியில் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்க, நடந்தபடியே இடது பக்கம் கையைக் காட்டினார். அந்த ஆற்று அருங்காட்சியகத்தில் மக்கள் அதிகம் கேட்கும் கேள்வி அதுதான்.

யாருக்குக் கால் வலித்தாலும் நாற்காலியோடு ஓடி வருவதால் ஊழியர்கள் அவருக்கு ‘நாற்காலியம்மா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் வருவார். காவலர் சாப்பிடப் போனால் அவர் இடத்தில் நிற்பார். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் கூடவே சுற்றுவார்.

மூன்றாம் அறை படகு விபத்துக்கானது. பதினாறு வருடங்களுக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு ஏற்றிப்போன படகு ஆற்றில் கவிழ்ந்துபோனது. பிறகு கரை ஒதுங்கியவற்றை அங்கே வைத்திருந்தார்கள். ஒற்றைச் செருப்பு, நசுங்கிய தண்ணீர் பாட்டில், படகின் மணி. தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டியில் பச்சை ஸ்வெட்டர், கையால் பின்னியது.

அதன் முன்னால் நின்றிருந்தார் ‘சனிக்கிழமை அம்மா’. இதுவும் ஊழியர்கள் வைத்த பெயர்தான். வாரம் தவறமாட்டார். ஸ்வெட்டர் அவருடைய மகனுடையது என்று பெட்டியில் இருந்த அட்டை சொன்னது.

“உட்காருங்கம்மா. மூட்டு எப்படி இருக்கு?”

“அது கிடக்கு. இங்க பாரு, இடது கை மடங்கியிருக்கு. போன வாரம் நேரா இருந்துச்சே?”

“சுத்தம் பண்ண வெளிய எடுத்தாங்க. சொல்லி நேராக்கிடுறேன்.”

“கசங்கினா அவனுக்குப் பிடிக்காது. சரியான அலங்காரப் பேர்வழி.” சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். “எங்க அக்கா பின்னினதாத்தான் இருக்கும், இல்ல? சில நாள் எதுவுமே ஞாபகம் வர மாட்டேங்குது. அன்னிக்குக் காலைல அவனுக்கு என்ன போட்டுவிட்டேன்னுகூடத் தெரியல. என்ன தாய் நான்?”

“அக்காதான் பின்னியிருப்பாங்க. வேற யாரு?” என்றார் நாற்காலியம்மா. “தண்ணி குடிங்க.”

மாலை, வாசல் கதவு சாத்தியபின் காப்பாட்சியர் நாற்காலியம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இளைஞர், மரியாதை தெரிந்தவர். மேசைமேல் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படத்தை விரித்து வைத்தார்.

“பழைய ஸ்டூடியோ ஒண்ணைக் காலி பண்ணப்போ கிடைச்சதும்மா. படகு ஏறுறதுக்கு முன்னாடி துறையில எடுத்தது.”

நாற்காலியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“முன்வரிசையில மூணாவதா நிக்கிறான் பாருங்க, அதுதான் சனிக்கிழமை அம்மாவோட பையன். அந்த ஸ்கூல் டீச்சர்கிட்ட கேட்டு உறுதிப்படுத்திட்டேன். அவன் வெறும் சட்டைதான் போட்டிருக்கான். நம்ம ஸ்வெட்டர் கடைசில நிக்கிற இவன்மேல இருக்கு. அதே பின்னல், அதே கழுத்து. முகத்தைத் திருப்பிட்டதால யாருன்னு டீச்சருக்கும் தெரியல.”

நாற்காலியம்மா படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கேக்குதாம்மா?”

“கேக்குது சார்.”

“அட்டையை மாத்தணும். அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லணும். நீங்கன்னா பக்குவமா சொல்லுவீங்க.”

“என்னால முடியாது சார்.”

“சரி, நானே சொல்றேன்.”

“வேணாம் சார்!” குரல் உயர்ந்துவிட்டது. உடனே தணித்துக்கொண்டார். “அவங்க பையன் கிடைக்கவே இல்ல. அடுத்த வருஷம் வந்த வெள்ளத்துல வீடும் போச்சு. ஒரு போட்டோ, ஒரு நோட்டுப் புத்தகம், எதுவும் மிஞ்சல. இது ஒண்ணுதான். இதையும் பிடுங்கணுமா?”

காப்பாட்சியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“எனக்கு மட்டும் ஆசையாம்மா? தெரிஞ்சே தப்பா எழுதி வைக்க முடியாது. அது மட்டுமில்ல, இந்தப் பையனைப் பெத்தவங்களையும் நினைச்சுப் பாருங்க. அவங்க எங்கேயோ இருப்பாங்க. தன் பிள்ளையோட ஸ்வெட்டர் வேற ஒருத்தர் பிள்ளை பேர்ல இங்க இருக்குன்னு தெரிஞ்சா, அவங்க மனசு என்ன பாடு படும்?”

“படும் சார்” என்றார் நாற்காலியம்மா. “முதல் ரெண்டு மூணு வருஷம் ரொம்பப் படும். அப்புறம் பழகிடும்.”

காப்பாட்சியர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“பேப்பர்ல இந்த ஸ்வெட்டர் படத்தைப் பார்த்துட்டு, இது என் பையனோடது, குடுத்துடுங்கன்னு கேட்கத்தான் சார் முதல் தடவை இங்க வந்தேன். வந்தா, அந்தம்மா பெட்டிமேல கன்னத்தை ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு அடக்கம் பண்ணப் பிள்ளையாவது கிடைச்சான்.” படத்தில் முகம் திருப்பி நின்ற சிறுவனை ஒரு விரலால் மெல்லத் தொட்டார். “என்ன வேணும்னு வாசல்ல கேட்டாங்க. இங்க உதவிக்கு ஆள் எடுப்பீங்களான்னு கேட்டுட்டேன்.”