மாமரத்து நீளக்கொம்பன்

ஆராய்ச்சிக்காரர் மேசையில், புட்டிக்குள் அடைபட்டிருந்த நீளக்கொம்பு வண்டு பூதக்கண்ணாடியிடம் பெருமையடித்தது. "உடம்பைவிட நீளமான கொம்பு, முதுகில் மஞ்சள் புள்ளி. என்னைப்போல் உலகத்தில் இன்னொருவன் கிடையாது."

"அப்படியா? புது இனமென்றால் முதுகில் குத்திப் பெட்டியில் வைப்பார்கள். எனக்கு வேலை வந்துவிட்டது" என்றது பக்கத்தில் கிடந்த குண்டூசி.

வண்டு புட்டியின் அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது.

பூதக்கண்ணாடி கொம்பின் கணுக்களைப் பார்த்தது, பாதத்தைப் பார்த்தது, புள்ளிகளை நிதானமாகப் பார்த்தது. "புதுசெல்லாம் இல்லை. மாமரத்துக்கு மாமரம் இருக்கிற இனம்தான்" என்றது.

ஆராய்ச்சிக்காரர் மூடியைத் திறந்துவிட்டார். வண்டு பறந்துபோய் மாங்கிளையில் உட்கார்ந்த பிறகுதான் அதற்கு மூச்சே வந்தது.

"யாரப்பா நீ? இந்தப் பக்கம் பார்த்ததில்லையே" என்றது கிளையிலிருந்த கிழவண்டு.

"நன்றாகப் பாருங்கள் அண்ணே. அச்சு அசல் உங்களை மாதிரியேதான் இருக்கிறேன்."